பக்கத்து நாற்காலி



சிறுதொழிலுக்கு ஏற்றது அலுவலகமா, வீடா, இரண்டும் கலந்ததா என்ற கேள்வியைத் தலைப்பாகக் கொடுத்து இந்தக் கல்லூரியில் என்னைப் பேச அழைத்தீர்கள். நான் ஆராய்ச்சியாளர் அல்ல. ஈரோட்டில் 26 ஆண்டுகளாகக் கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகம் நடத்துகிறேன். 14 பேர் வேலை செய்கிறோம். மஞ்சள் மண்டிக்காரர்கள், ஜவுளிக் கடைக்காரர்கள், விசைத்தறி வைத்திருப்பவர்கள் கொண்டுவரும் பில் கட்டுகள் எங்கள் மேசைக்கு வரும். வரிக் கணக்காகத் திரும்பிப் போகும். இந்தத் தலைப்பில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மேசையைச் சுற்றித் தெரிந்துகொண்டதுதான். பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன்.

நான் பிறந்தது பவானியில், ஜமக்காளம் நெய்யும் வீட்டில். முன்கட்டில் குழித்தறி, பின்கட்டில் சமையல். முதலாளி வீட்டிலிருந்து நூல் வரும். நெய்த ஜமக்காளம் அங்கேயே திரும்பிப் போகும். எண்ணிக்கைக்குக் கூலி. வீட்டிலிருந்தே வேலை என்பது 2020இல் வந்த புதுமை என்று பலரும் பேசும்போது எனக்கு அந்த முன்கட்டுதான் கண்ணுக்குள் வரும். இடம் எங்களுடையது, கரண்டு எங்களுடையது, மழைக்காலத்தில் குழிக்குள் ஈரம் ஊறித் தறி நின்றால் அந்த நாட்களின் நட்டமும் எங்களுடையது. அம்மாவும் அக்காவும் நூலைத் தாராகச் சுற்றித் தருவார்கள். அதற்கென்று தனிக் கூலி கிடையாது. வீட்டில் உட்கார்ந்து பிறருக்கு வேலை செய்பவர்களையும் மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அதன் எண் 177. அதைப் பற்றி நான் படித்தது மிகவும் பிந்தி. படித்த அன்று இரவு அம்மாவின் விரல்கள் நினைவில் வந்துகொண்டே இருந்தன.

ஆனால் அந்த வீட்டில் வேறொன்றும் இருந்தது. அகலமான ஜமக்காளத்தைத் தனி ஆளாக நெய்ய முடியாது. ஒரே தறியில் இருவர் பக்கம் பக்கமாக உட்கார்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பித் தள்ள வேண்டும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அண்ணன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. இழை அறுந்தால் அப்பாவின் கை எங்கே போகிறது என்று பார்த்தான். அவன் தப்பு செய்தபோது அப்பாவின் மிதி நின்றது. அவ்வளவுதான் பாடம். வீட்டு வேலை அந்தத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக நின்றதற்குக் காரணம், கற்றுக்கொடுப்பவரும் கற்றுக்கொள்பவரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்ததுதான். இன்றைக்கு நாம் வீட்டிலிருந்து வேலை என்று சொல்லும்போது அந்த இருவரும் வேறு வேறு வீடுகளில் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித்தான்.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. எங்கள் தொழிலில் அது ஆண்டுக் கணக்கை முடிக்கும் வாரம். அதற்கு முந்தின நாள்களிலேயே கணினிகளை டெம்போவில் ஏற்றிப் பெருந்துறை, சென்னிமலை, பவானி என்று வீடு வீடாக இறக்கினோம். டாலி கணக்கு மென்பொருளின் தரவு அலுவலக சர்வரில். வீட்டிலிருந்து எனிடெஸ்க் என்ற செயலி வழியாக அதற்குள் நுழைந்தோம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் என் வீட்டு அலமாரியில். ஓடிபி வியாபாரியின் போனுக்குப் போகும். அவர் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்தின் முதல் வார்த்தையே "ஓடிபி வந்துச்சுங்களா" என்பதுதான்.

முதல் மூன்று மாதம் வேலை நன்றாக நடந்தது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக. வாடகைக் கட்டடத்தை முழுவதுமாகக் காலி செய்துவிடலாமா என்று யோசித்தேன். அன்றைக்கு எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. அந்த மூன்று மாதமும் வேலை செய்தவர்கள் எல்லாரும் பழையவர்கள். ஒரே கூடத்தில் எட்டு, பத்து ஆண்டு உட்கார்ந்து சேர்த்துவைத்த அறிவை எடுத்துச் செலவழித்துக்கொண்டிருந்தோம். சேமிப்பில் இருந்து எடுத்துச் சாப்பிடும்போது வருமானம் நின்றது உடனே தெரியாது.

ஜூன் மாதம் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தார். பி.காம். முடித்தவர், கெட்டிக்காரர். போனிலும் திரைப்பகிர்விலும் வேலை சொல்லிக்கொடுத்தோம். ஜவுளி வியாபாரி ஒருவர் நிறுவனத்தின் பெயரில் கார் வாங்கியிருந்தார். அந்த பில்லில் ஜிஎஸ்டி இருந்தது. அதை அந்தப் பெண் உள்ளீட்டு வரி வரவாக, அதாவது ஐடிசியாக, எடுத்துவிட்டார். இது கூடாது, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு இத்தகைய கார்களுக்கு வரவு எடுப்பதைத் தடுக்கிறது. பல மாதம் கழித்து ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. வரவைத் திருப்பிக் கட்டி, 18 சதவீத வட்டியும் கட்டினோம். தவறு எங்களுடையது என்பதால் வட்டியை வியாபாரியிடம் வாங்கவில்லை.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "சந்தேகமே வரலையாம்மா?" என்று கேட்டேன். "வந்துச்சுங்க மேடம். இந்தச் சின்ன விஷயத்துக்குப் போய் உங்களுக்குப் போன் பண்றதான்னு விட்டுட்டனுங்க" என்றார்.

இந்தப் பதிலை நான் பல நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். அலுவலகக் கூடத்தில் இருந்திருந்தால் அவர் போன் எடுத்திருக்க வேண்டியதில்லை. தலையைத் திருப்பி, "அக்கா, காருக்கு ஐடிசி எடுக்கலாமுங்களா?" என்று பொதுவாகக் கேட்டிருப்பார். மூன்று மேசையிலிருந்து ஒரே நேரத்தில் "எடுக்கக் கூடாது" என்று சத்தம் வந்திருக்கும். அந்தச் சத்தம் இன்னும் நாலு பேர் காதிலும் விழுந்திருக்கும். போன் செய்வது என்பது ஒருவரைத் தொந்தரவு செய்வது. அதற்கு முன்னால் கேள்வியின் தகுதியை எடைபோட வேண்டியிருக்கிறது. புதியவருக்கோ எது பெரிய கேள்வி, எது சின்னக் கேள்வி என்பதே தெரியாது. சிறுதொழிலில் பயிற்சித் துறை என்று தனியாக எதுவும் கிடையாது. பக்கத்து நாற்காலிதான் பயிற்சித் துறை.

இப்போது நான் தேடிப் படித்தவற்றுக்கு வருகிறேன். அவற்றில் இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று ஷாங்காயில் நடந்தது. சீட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் அழைப்பு மையத்தில், வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பி முன்வந்தவர்களில் தகுதியுள்ள 249 பேரை எடுத்துக்கொண்டார்கள். பிறந்த தேதி இரட்டைப்படை என்றால் வீட்டுக்கு, ஒற்றைப்படை என்றால் அலுவலகத்துக்கு. ஒன்பது மாதம் நடந்தது. நிக்கோலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் 2015இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். உலகம் முழுவதும் வீட்டு வேலைக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

மற்றொன்று நம் சென்னையில் நடந்தது. டேவிட் அட்கின், ஆன்டொனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகிய மூவரும் தரவுப் பதிவு வேலைக்கு ஆட்களை எடுத்து, குலுக்கல் முறையில் சிலரை வீட்டுக்கும் சிலரை அலுவலகத்துக்கும் அனுப்பினார்கள். ஆய்வுக் கட்டுரை 2023இல் வந்தது. வீட்டில் இருந்தவர்களின் வேலை 18 சதவீதம் குறைவு. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. மீதி ஒரு பங்கு, அலுவலகத்தில் இருந்தவர்கள் நாளாக நாளாக வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்த இடைவெளி.

ஒரு நகரத்தில் 13 கூடுகிறது, இன்னொரு நகரத்தில் 18 குறைகிறது. ஏன்? ஷாங்காய் ஆய்வில் சேரத் தகுதி என்ன என்று பாருங்கள். ஆறு மாதமாவது அந்த வேலையில் அனுபவம் வேண்டும். வீட்டில் தனியறை வேண்டும். நல்ல இணைய இணைப்பு வேண்டும். தனியறை என்ற அந்த ஒரு சொல்லை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். எங்கள் 14 பேரில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் அறை உள்ள வீடு மூன்று பேருக்குத்தான். மற்றவர்களுக்கு டிவி ஓடும் கூடம், அல்லது படுக்கையின் ஓரம், அல்லது மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகை. தவிர, சென்னை ஆய்வில் வந்தவர்கள் வேலைக்குப் புதியவர்கள், ஷாங்காயில் பழகியவர்கள். எந்த நிறுவனமாவது வெளிநாட்டு ஆய்வு ஒன்றைக் காட்டி வீட்டு வேலை நல்லது என்றோ கெட்டது என்றோ சொன்னால், யார் வீடு, எத்தனை அறை, எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேளுங்கள்.

சென்னை ஆய்வில் என்னை மிகவும் பாதித்தது வேறொரு செய்தி. வீட்டு வேலையை விரும்பிக் கேட்டவர்கள்தான் தொடக்கத்திலேயே அதிகத் திறமைசாலிகள். மற்றவர்களைவிட 12 சதவீதம் வேகம், பிழையும் குறைவு. அதே ஆட்களை வீட்டில் உட்கார வைத்தால் அவர்கள் வேலைதான் அதிகமாக அடிவாங்கியது: 27 சதவீதம். அலுவலகத்தை விரும்பியவர்களுக்கு வீட்டில் 13 சதவீதம்தான் குறைந்தது. முதலில் எனக்கு இது புரியவில்லை. பிறகு எங்கள் அலுவலகத்தில் பவானியிலிருந்து வரும் ஒருவரை நினைத்துப் பார்த்தேன், விளங்கியது. அவருக்கு 17 ஆண்டு அனுபவம். என்னைவிட வேகமாகப் பேரேடு பார்ப்பார். மாமியார் படுக்கையில் விழுந்த பிறகு வீட்டிலிருந்து வேலை கேட்டார். விடியற்காலை நான்கரைக்கு எழுந்து ஏழு மணி வரை கணக்குப் பார்க்கிறார். அதன் பிறகு அவர் நேரம் அவருடையது அல்ல. வீட்டை வேண்டுபவர்கள் வீட்டில் வேலை நன்றாக நடக்கும் என்பதற்காக வேண்டுவதில்லை. குழந்தை, நோயாளி, முதியவர் என்று அவர்களை வீடு பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஆய்வும் இப்படிப்பட்ட பொறுப்புகள் உள்ளவர்களையும் வறிய குடும்பத்தவரையும்தான் காரணமாகச் சுட்டுகிறது.

முதலாளிகள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். எல்லாரும் தினம் அலுவலகம் வந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டால், நீங்கள் இழப்பது சோம்பேறிகளை அல்ல. உங்களிடம் இருப்பவர்களிலேயே கெட்டிக்காரர்களை, அதிலும் பெரும்பாலும் பெண்களை. எல்லாரும் வீட்டிலேயே இருங்கள் என்று விட்டுவிட்டால் இழப்பது, இன்னும் உருவாகாத அடுத்த கெட்டிக்காரர்களை. 14 பேர் உள்ள இடத்தில் ஒருவர் போனால் அந்த ஒருவரோடு 40 வாடிக்கையாளர்களின் பழக்கமும் போகும்.

பழையவர்களுக்கு இதில் ஒரு செலவு உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை நட்டாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பலாய்ஸ் ஆகியோர் ஆராய்ந்தார்கள். ஒரே கட்டடத்தில் குழுவாக உட்கார்ந்தவர்களுக்குத் தங்கள் நிரலைப் பற்றிச் சகாக்களின் திருத்தங்கள் கூடுதலாகக் கிடைத்தன. இளையவர்கள் அதனால் வளர்ந்தார்கள். மூத்தவர்கள் எழுதும் நிரல் மட்டும் குறைந்தது; அவர்கள் நேரம் கற்றுக்கொடுப்பதில் போனது. எங்கள் கூடத்திலும் அப்படித்தான். பக்கத்தில் புதியவர் உட்கார்ந்தால் மூத்தவர் முடிக்கும் கணக்கு குறையும். அந்தக் குறைவை வைத்து மூத்தவரின் ஊக்கத்தொகையில் கைவைக்கும் முதலாளி, கற்றுக்கொடுத்ததற்காக அவரைத் தண்டிக்கிறார். நானும் ஓராண்டு அப்படிச் செய்தேன். அவர்கள் முணுமுணுக்கக்கூட இல்லை, சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது புதியவரோடு உட்காரும் நாள்களுக்குத் தனியாகக் கணக்கு வைத்து, தனியாகப் பணம் தருகிறோம்.

ஆகவே நாங்கள் கலப்பு முறைக்கு வந்தோம். கலப்பு முறை வேலை செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. பழைய சீட்ரிப்தான், பெயர் மாறி டிரிப்.காம் ஆகி, 1,612 பேரைக் கொண்டு இன்னொரு சோதனை நடத்தியது; 2024இல் நேச்சர் இதழில் வந்தது. புதன், வெள்ளி வீட்டில், மற்ற நாள்கள் அலுவலகத்தில். வேலை குறையவில்லை, பதவி உயர்வு குறையவில்லை, விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். ஆனால் புதன், வெள்ளி என்று கிழமையை அப்படியே எடுத்து நாம் ஒட்டவைக்கக் கூடாது. எங்கள் வேலை கிழமையில் ஓடுவதில்லை, தேதியில் ஓடுகிறது. 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும். 11ஆம் தேதி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1. 14ஆம் தேதி, சப்ளையர்கள் கணக்கில் காட்டிய பில்களின் பட்டியலான 2பி அறிக்கை வரும். 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20ஆம் தேதி வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. இதில் ஒன்றாம் தேதி முதல் ஏழு வரை பதிவு வேலை. தனியாக, அமைதியாக உட்கார்ந்து செய்வது. வீட்டில் இருக்க விரும்புபவர்கள் இருக்கலாம். 14க்குப் பிறகு 2பியையும் கொள்முதல் பில்லையும் ஒப்பிட்டு, விட்டுப்போன சப்ளையர்களைத் துரத்திப் பிடிக்க வேண்டும். ஒருவர் பிடித்த தகவல் இன்னொருவருக்குத் தேவைப்படும். ஒரே நூல்காரர் எங்கள் ஏழு வாடிக்கையாளர்களுக்கு நூல் கொடுத்திருப்பார். அந்த வாரம் எல்லாரும் கூடத்தில். 21 முதல் மாதக் கடைசி வரை எங்களுக்குப் படிப்பு வாரம். மூத்தவர்கள் மூன்று நாளாவது வர வேண்டும். புதியவர்கள் முதல் ஆண்டு முழுக்க அலுவலகத்தில்தான்.

உங்கள் தொழில் எதுவானாலும் நாட்காட்டியை முதலில் விரித்துவையுங்கள். எந்த வேலைக்கு எத்தனை பேர் கண்ணும் காதும் வேண்டும் என்று பாருங்கள். முதலாளிக்கு எது வசதி, மூத்தவருக்கு எது வசதி என்று தொடங்கும்போதுதான் முடிவு கோணிப் போகிறது. நேற்றுச் சேர்ந்தவர் எங்கே இருந்தால் நன்றாகக் கற்பார் என்று தொடங்குங்கள்; மற்றவர்களுடைய இடம் தானாக அமையும்.

வீட்டில் ஒருவர் இருந்தாலும் எல்லாரும் வீட்டில் இருப்பதைப்போல் நடந்துகொள்ள வேண்டும் என்பது நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட விதி. கூடத்தில் பேசி முடித்ததை எழுதி வைக்காவிட்டால் பவானியில் இருப்பவருக்கு அது நடக்கவே இல்லை. தனித்தனி வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்பதை நிறுத்தினோம். எல்லாரும் பார்க்கும் ஒரே பட்டியலில் கேள்வி, பதில், பதில் சொன்னவர் பெயர். சின்னக் கேள்வி என்று எதுவும் கிடையாது என்று அதன் தலைப்பில் எழுதியிருக்கிறோம். அதில் முதல் வரியாகக் கார் பில்லை நானே எழுதினேன், யார் பெயரும் இல்லாமல்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு கூடத்தில் ஒன்றைக் காலி செய்தோம். மிச்சமான வாடகை எங்கள் லாபம் என்று நான் நினைத்திருந்தால், என் அம்மா சுற்றிய தாருக்கு என்ன நடந்ததோ அதுவே மறுபடி நடந்திருக்கும். நம் மாநிலத்தில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. யூனிட் ஏற ஏற விலை ஏறும். 500ஐத் தாண்டினால் கீழடுக்கின் விலையும் மாறிவிடும். பகல் முழுதும் ஓடும் மின்விசிறியும் கணினியும் ஒரு குடும்பத்தை அந்த வரம்புக்கு அப்பால் தள்ளிவிடக்கூடும். ஆகவே வீட்டில் வேலை செய்பவர்களுக்கு நாற்காலி, இணையக் கட்டணம், இன்வர்ட்டர் பேட்டரி, மின்கட்டணத்தில் ஒரு பங்கு எல்லாம் நிறுவனத்தின் செலவு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிற்கும் நாளில் அவர்கள் வரலாம், அல்லது அன்று விடுப்பு எடுத்து வேறு நாள் செய்யலாம். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானதும் எங்களில் இரண்டு பேர், வீட்டைவிட அலுவலகமே மேல் என்று தாங்களாகத் திரும்பி வந்தார்கள். பேருந்துக் காசும் இந்த முடிவுக்குள் இருந்திருக்கிறது. எனக்கு அது முன்பு தோன்றவில்லை.

சட்டத்தில் இரண்டு இடங்களை வணிகவியல் மாணவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 26 வார விடுப்புக்குப் பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலையைத் தொடரலாம் என்று வழி வைத்தது; அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அதே வழி இருக்கிறது. கேட்டால் தருவார்களா என்று தயங்கும் பெண்கள் இதை எடுத்துக்காட்டிக் கேட்கலாம். இன்னொன்று, பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம். அது பணியிடம் என்பதில் வீட்டையும் சேர்த்திருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் உள்ளகக் குழு கட்டாயம். இரவு பத்து மணிக்கு வரும் வேண்டாத வீடியோ அழைப்பைப் பற்றியும் அந்தக் குழுவிடம் சொல்லலாம். எங்களைப் போன்ற சிறிய இடங்களில் பலர் இந்தக் குழுவே அமைப்பதில்லை. இது எனக்கு வருத்தம்.

இந்த ஜூனில் எங்களிடம் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்; ஒருவர் இந்தக் கல்லூரி மாணவி. பவானிக்காரருக்கு, அவர் வரும் நாள்களில் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்திருக்கிறோம். அந்தக் கூலியில் பாதி அலுவலகத்தினுடையது. 21ஆம் தேதி காலை அவர் வந்ததும் அந்த மாணவி தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் மேசையின் அதே பக்கத்தில் போட்டுக்கொள்கிறார். எதிரில் அல்ல. ஒரே திரையை இருவரும் பார்க்கிறார்கள். மூத்தவர் கை விசைப்பலகையில் நிற்கும் இடத்தில் இளையவர் கேட்கிறார்: "ஏங்க்கா நிறுத்துனீங்க?"